எப்படி இறங்கி வருவான்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டக்குப்பத்துக்குப் போயிருந்தேன். புதுச்சேரி எல்லையைத் தாண்டி வடக்கே ஓர் அடி எடுத்து வைத்தால் கோட்டக்குப்பம்தான். என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி அங்கே கடலோரத்துக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். "ஒரு நாளாவது வந்துவிட்டுப் போயேன்!" என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். போனேன். வஞ்சிர மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். தலைக்கு மேலே 'கர்ர்' என்று ஒரு சப்தம். லாஸ்பேட்டை விமான நிலையத்துக்கு இறங்கப் போகும் சின்ன விமானம்.

தோழியின் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பெரியம்மா, இதெல்லாம் ஒரு விமானமா? என் படையைப் பார்க்கிறீங்களா?" என்று உள்ளே ஓடினான். ஒரு நோட்டுப் புத்தகத்தோடு திரும்பி வந்தான்.

நோட்டைத் திறந்தால், அம்மாடி! பக்கத்துக்குப் பக்கம் விண்வெளிப் போர் விமானங்கள். இன்னும் இருநூறு வருஷம் கழித்து மனிதகுலம் நட்சத்திர மண்டலத்தில் வைத்திருக்கப் போகும் படையாம். முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை என்று ஐந்து தலைமுறைகளை வரிசையாக வரைந்து வைத்திருந்தான். ஒவ்வொன்றுக்கும் கீழே வேகம் எவ்வளவு, பீரங்கி எத்தனை, கவசம் என்ன என்று கட்டம் கட்டி எழுதியிருந்தான். சினிமாவும் விளையாட்டும் சேர்ந்து செய்த வேலை என்றாலும், பையனின் கைவண்ணம் அபாரம்!

வாசலில் வலைக்கு நூல் கோத்துக்கொண்டிருந்த அவனுடைய ஆயா நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். கடைசியில் கேட்டாள்:

"எல்லாம் சரி கண்ணு. இதுல ஏறிப் போறவன் எப்படி எறங்கி வருவான்?"

பையன் விழித்தான். ஐந்து தலைமுறையிலும் அந்தக் கட்டத்தை அவன் போட்டிருக்கவில்லை.

நானும் விழித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ஊர் திரும்பியதும் இது சம்பந்தமாகக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். "சமையலறையில் குக்கர் சத்தம் போடுகிறது, இப்போது எதற்கு எனக்குப் போர் விமானக் கதை?" என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள். ஆயாவின் கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நம் நாட்டு விமானங்களின் சரித்திரத்தைப் பார்த்தால், அது நம் வீட்டுக் கதையாகவே இருக்கிறது.

* * *

இந்திய விமானப் படை 1932-ஆம் வருஷம் அக்டோபர் 8-ந் தேதி பிறந்தது. 1933 ஏப்ரல் முதல் தேதி கராச்சியில் முதல் பிரிவு தொடங்கியபோது கையில் இருந்தவை நாலே நாலு விமானங்கள். பெயர் வாபிட்டி. மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை. ஓட்டுகிறவருக்குத் தலைக்கு மேல் கூரை கிடையாது. மழையும் வெயிலும் காற்றும் நேரே முகத்தில்தான். மணிக்கு 220 கிலோமீட்டர் போனால் அதிகம்.

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. ஹரிகேன் வந்தது, ஸ்பிட்ஃபயர் வந்தது. இரட்டை இறக்கை ஒற்றை இறக்கையாயிற்று. தலைக்கு மேல் கண்ணாடி மூடி வந்தது. 1948-ல் வாம்பயர் வந்து சேர்ந்தது. நம் படையின் முதல் ஜெட் விமானம் அதுதான். முன்னால் சுழலும் விசிறி இல்லை. ஆனால் ஒரு வேடிக்கை கேளுங்கள். விமானி உட்காரும் முன்பாகம் முழுவதும் மரம்! ஒட்டுப் பலகையும் பால்சா என்ற லேசான மரமும் வைத்து ஒட்டிய கூடு அது. ஜெட் யுகம் நம் நாட்டுக்குள் மரப்பெட்டியில் உட்கார்ந்துகொண்டுதான் வந்தது.

ஆபத்து வந்தால்? ஒற்றை ஆள் ஓட்டும் வாம்பயரில் விமானியைத் தூக்கி வெளியே எறியும் ஆசனம் இல்லை. அவரே மூடியைத் திறந்து, எழுந்து, காற்றோடு மல்லுக்கட்டிக் குதிக்க வேண்டும். ஆயாவின் கட்டத்தில் வாம்பயருக்கு மார்க் கொடுப்பது கஷ்டம்தான்.

இதற்குப் பிறகு வந்த விமானத்துக்கும் கோட்டக்குப்பத்துக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. 1953 அக்டோபரில் பிரெஞ்சுக்காரர்களிடம் வாங்கிய ஊராகான் விமானங்கள் தில்லியில் வந்து இறங்கின. அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சூறாவளி என்று பொருள். நம்மவர்கள் 'தூஃபானி' என்று பெயரிட்டு வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டார்கள். அப்போது கோட்டக்குப்பத்துக்குத் தெற்கே இருந்தது பிரெஞ்சு ராஜ்யம்! எல்லையைத் தாண்டினால் வேறு கொடி, வேறு சட்டம், சுங்கச் சோதனை. 1954 நவம்பர் முதல் தேதிதான் புதுச்சேரி நிர்வாகம் நம் கைக்கு வந்தது. ஒரு பக்கம் பிரெஞ்சுக்காரரிடம் ஊரைக் கேட்டுக்கொண்டே, மறு பக்கம் அவரிடமே விமானமும் வாங்கியிருக்கிறோம். சம்பந்தி வீட்டோடு சண்டையும் நடக்கிறது, சீரும் நடக்கிறது என்பார்களே, அந்த மாதிரி! அந்த வியாபார உறவு இன்றுவரை அறுபடவில்லை. மிஸ்டேர், மிராஜ், 2020-ல் வந்த ரஃபேல் எல்லாம் அந்த வீட்டுச் சரக்குதான்.

* * *

பையன் வரைந்ததெல்லாம் 'ஸ்டார்ஃபைட்டர்', அதாவது நட்சத்திரப் போர் விமானம். அது வெறும் கற்பனைப் பெயர் என்று நினைத்திருந்தேன். இல்லையாம்! அதே பெயரில் நிஜமாகவே ஒரு விமானம் இருந்திருக்கிறது.

அமெரிக்காவில் லாக்ஹீட் கம்பெனி செய்தது. 1954-ல் முதன்முதலாகப் பறந்தது. ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம். பார்ப்பதற்கு ஓர் ஏவுகணைக்குள் ஆளை உட்கார வைத்தாற்போல் இருக்கும். இறக்கையின் விளிம்பு அரிவாள்மணை போலக் கூர்மை. தரையில் நிற்கும்போது யார் கையையும் கிழித்துவிடக் கூடாதே என்று அதற்கு உறை மாட்டி வைப்பார்களாம்!

இத்தனை பிரமாதமான விமானத்தில், 'எப்படி இறங்கி வருவான்' என்ற கேள்விக்கு என்ன பதில் வைத்திருந்தார்கள் தெரியுமா? ஆரம்பத்தில் வந்த விமானங்களில் ஆபத்துக் காலத்தில் விமானியைக் கீழ்நோக்கித் தள்ளும் ஆசனத்தை வைத்தார்கள். உயரத்தில் பறந்தால் பரவாயில்லை. தரைக்கு அருகில் பறக்கும்போது கீழே தள்ளினால் என்ன ஆகும்? சில உயிர்கள் போன பிறகுதான் அதை மேல்நோக்கித் தூக்கும் ஆசனமாக மாற்றினார்கள்.

மேற்கு ஜெர்மனி இந்த ரகத்தில் தொள்ளாயிரத்துக்கு மேல் வாங்கியது. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விபத்துகளில் நொறுங்கியது. நூற்றுக்கு மேற்பட்ட விமானிகள் இறந்துபோனார்கள். அந்த ஊர்ஜனங்கள் அதற்கு வைத்த பெயர், 'விதவையாக்கி'. கணவனை இழந்த பெண்கள் கம்பெனி மேல் வழக்கே தொடுத்தார்கள். கட்டத்தில் வேகம் எழுதியிருந்தது, பீரங்கி எழுதியிருந்தது. வீட்டில் காத்திருந்தவளின் கணக்கை யாரும் எழுதவில்லை.

பாகிஸ்தானிடமும் சுமார் ஒரு டஜன் ஸ்டார்ஃபைட்டர்கள் இருந்தன. 1965 செப்டம்பர் 7-ந் தேதி காலை, நம்முடைய மிஸ்டேர் விமானங்கள் அங்கேயுள்ள சர்கோதா தளத்தைத் தாக்கப் புறப்பட்டன. மொத்தம் பன்னிரண்டு. குடகு நாட்டைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போபய்ய தேவய்யா அந்தப் பன்னிரண்டில் ஒருவர் அல்ல. யாராவது போக முடியாவிட்டால் மட்டும் போவதற்காக மாற்று ஆளாக வைக்கப்பட்டிருந்தவர். ஓர் இடம் காலியாயிற்று, அவர் போனார்.

திரும்பும் வழியில் ஒரு ஸ்டார்ஃபைட்டர் துரத்தி வந்து அவருடைய விமானத்தைச் சுட்டது. வேகத்தில் மிஸ்டேர் அதன் கால்தூசி பெறாது; அடியும் பட்டாயிற்று. தேவய்யா தப்பி ஓடப் பார்க்கவில்லை. திரும்பி நின்றார். அம்புபோல நேரே பாய்வதில் கெட்டிக்காரனான ஸ்டார்ஃபைட்டருக்கு, சட்டென்று வளைந்து திரும்பத் தெரியாது. மிஸ்டேருக்குத் தெரியும். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, உலகத்தின் அதிவேக விமானங்களில் ஒன்றை அவர் சுட்டு வீழ்த்தினார். எதிரி விமானி குதித்துத் தப்பினார். தேவய்யா திரும்பவில்லை.

அன்று அவர் செய்த காரியம் நம் தரப்பில் யாருக்கும் தெரியாது. 'காணவில்லை' என்பதுதான் வீட்டுக்கு வந்த செய்தி. பல வருஷம் கழித்து இங்கிலாந்து எழுத்தாளர் ஒருவர் அந்த யுத்தத்தைப் பற்றி எழுதிய புத்தகத்தில்தான் உண்மை வெளிவந்தது. 1988-ல், இருபத்து மூன்று வருஷம் கழித்து, தேவய்யாவுக்கு மகாவீர் சக்ர விருது வழங்கப்பட்டது. அதை வாங்கிக்கொண்டவர் அவருடைய மனைவி. 'காணவில்லை' என்ற ஒற்றைச் சொல்லோடு இருபத்து மூன்று தீபாவளி! நினைத்துப் பாருங்கள் சகோதரிகளே.

அதே மாதம் முதல் தேதி இன்னொன்றும் நடந்திருந்தது. சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகளைத் தடுக்க வேறு வழியில்லாமல் பழைய வாம்பயர்களை அனுப்பினார்கள். நாலு வாம்பயர்கள் வீழ்ந்தன. அதோடு மரக்கூடு விமானத்தை முன்னணியிலிருந்து விலக்கிவிட்டார்கள். அந்த வாம்பயர்களை ஓட்டியது 45-ஆம் ஸ்குவாட்ரன். இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

* * *

நாமே ஒரு போர் விமானம் செய்தால் என்ன என்ற ஆசை அந்தக் காலத்திலேயே வந்துவிட்டது. ஜெர்மன் நிபுணர் கர்ட் டாங்கை அழைத்து வந்து பெங்களூரில் 'மாருத்' என்ற விமானத்தைச் செய்தார்கள். 1961 ஜூனில் அதை முதன்முதலில் ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். உடம்பு அழகு, இன்ஜின்தான் போதவில்லை. சோனிக் காளையைப் பெரிய வண்டியில் பூட்டிய கதை! 147 மாருத்கள் செய்தார்கள். 1971 யுத்தத்தில் அவை நல்ல பெயரும் எடுத்தன. ஆனால் அதே மாருத்தைச் சோதிக்கும் போதுதான் 1970 ஜனவரியில் சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார்.

இதற்குள் 1963-ல் ரஷ்யாவிலிருந்து மிக்-21 வந்துவிட்டது. ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகம். 1971 டிசம்பரில் ஸ்டார்ஃபைட்டரையே எதிர்த்து நின்று வீழ்த்தியது. நம் படைக்கு வலது கை என்றே சொல்லலாம்.

ஆனால் வலது கையாக இருந்ததே வினையாயிற்று. நல்ல மிக்ஸி என்று வாங்குகிறோம். இருபது வருஷம் உழைக்கிறது. ஒயர் இற்றுப் போகிறது, ஷாக் அடிக்கிறது. "புதுசு வரும்வரை ஓட்டு" என்று இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டுகிறோம் அல்லவா? அந்த நிலைதான். புதுசு வருவது தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. மிக்-21 பறந்துகொண்டே இருந்தது. ரஷ்யாவிலிருந்து வந்த பல ரக மிக் விமானங்கள் 872-ல் பாதிக்கு மேல் விபத்துகளில் போய்விட்டன, 171 விமானிகள் இறந்தார்கள் என்று 2012-ல் பார்லிமெண்டில் அரசாங்கமே சொன்னது.

காரணம் விமானம் மட்டுமல்ல. மிக்-21 தரையைத் தொடும் வேகமே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு முன்னால் பையன்கள் பழகியது சாதுவான, மெதுவான பயிற்சி விமானத்தில். சைக்கிள் கற்றுக்கொண்ட மறுநாளே லாரியைக் கொடுத்து மலைப்பாதையில் ஓட்டச் சொன்ன மாதிரி! நடுவே ஒரு படி வேண்டும், நவீன பயிற்சி ஜெட் வாங்குங்கள் என்று 1982-ல் ஒரு கமிட்டி சிபாரிசு செய்தது. 'ஹாக்' என்ற அந்தப் பயிற்சி ஜெட் படையில் சேர்ந்தது 2008-ல். ஒரு படிக்கட்டு கட்ட இருபத்தாறு வருஷம்!

இந்த இடைவெளியில் பிள்ளையைப் பறிகொடுத்தவர் மும்பையைச் சேர்ந்த கவிதா காட்கில். அவருடைய மகன் ஃபிளைட் லெஃப்டினண்ட் அபிஜித் 2001 செப்டம்பர் 17-ந் தேதி இரவு ராஜஸ்தானில் மிக்-21 விபத்தில் இறந்தார். தவறு பையன் மேல்தான் என்று முடிவு கட்டப்பட்டதை அந்தத் தாய் ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளையின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு உட்கார்ந்துவிடவும் இல்லை. கடிதம் எழுதினார், கேள்வி கேட்டார், மகன் பெயரில் ஓர் அமைப்பையே தொடங்கி விமானப் பாதுகாப்புக்காகக் குரல் கொடுத்தார். கோட்டக்குப்பத்து ஆயா திண்ணையில் கேட்ட அதே கேள்வி அது. கேட்ட இடம்தான் வேறு.

அறுபத்திரண்டு வருஷம் பறந்துவிட்டு 2025 செப்டம்பர் 26-ந் தேதி சண்டிகரில் மிக்-21 விடைபெற்றது. அந்தக் கடைசி அணிவகுப்பில் பறந்தவர்களில் ஸ்குவாட்ரன் லீடர் பிரியா சர்மா என்ற பெண்மணியும் ஒருவர்.

ஆமாம், பெண்களும் வந்துவிட்டார்கள். 2016 ஜூனில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் என்ற மூன்று பெண்கள் நாட்டின் முதல் பெண் போர் விமானிகளாகப் பதவியேற்றார்கள். 2018 பிப்ரவரியில் அவனி தன்னந்தனியாக மிக்-21-ஐ ஓட்டி இறக்கினார். எந்த விமானத்தைப் பற்றித் தாய்மார்கள் கண்ணீர் வடித்தார்களோ, அதே விமானத்தை!

* * *

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். இலகுரகப் போர் விமானத் திட்டத்துக்கு 1983-ல் அனுமதி கிடைத்தது. 2001 ஜனவரி 4-ந் தேதி பெங்களூரில் அது முதன்முதலாகப் பறந்தது. 'தேஜஸ்' என்று பெயர். 2016 ஜூலை முதல் தேதி முதல் தேஜஸ் பிரிவு தொடங்கியது. 2018-ல் நம் கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் சூலூருக்குக் குடி வந்தது.

அது எந்தப் பிரிவு தெரியுமா? 45-ஆம் ஸ்குவாட்ரன்! மரக்கூடு வாம்பயர்களோடு போய் நாலு விமானங்களைப் பறிகொடுத்த அதே பிரிவு.

தேஜஸ் விமானத்தை வேண்டுமென்றே கொஞ்சம் தள்ளாடும்படிதான் அமைத்திருக்கிறார்கள். அப்போதுதான் சட்டென்று வளையும், திரும்பும். தள்ளாடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை கம்ப்யூட்டருடையது. தலையில் தண்ணீர்க் குடம் வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தபடியே நடக்கும் பெண், நொடிக்கு நொடி கழுத்தைச் சரிசெய்துகொள்கிறாளே, அவளுக்கே தெரியாமல்? அதைத்தான் அந்தக் கம்ப்யூட்டர் செய்கிறது. விமானி சண்டையைக் கவனிக்கலாம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஆசனம்தான். இங்கிலாந்தில் மார்ட்டின்-பேக்கர் என்று ஒரு கம்பெனி. ஜேம்ஸ் மார்ட்டின், வாலன்டைன் பேக்கர் என்ற இரண்டு நண்பர்கள் விமானம் செய்யத்தான் ஆரம்பித்தார்கள். 1942-ல் தங்கள் விமானத்தைச் சோதித்தபோது பேக்கர் இறந்துபோனார். அதற்குப் பிறகு மார்ட்டினுக்கு, விமானியைக் காப்பாற்ற வேண்டும் என்பதே வாழ்க்கையாகிவிட்டது. அவர் செய்த ஆசனங்கள் உலகம் முழுவதும் இதுவரை 7,500-க்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. தேஜஸில் இருப்பது அந்தக் கம்பெனியின் ஆசனம்தான். கைப்பிடியை இழுத்தால் போதும். ஆசனத்தோடு ராக்கெட் தூக்கி எறியும், பாராசூட் விரியும். விமானம் தரையில் அசையாமல் நின்றாலும் வேலை செய்யும். முதுகெலும்பு கொஞ்சம் நோகலாம். நோகட்டும், ஆள் வீட்டுக்கு வருவான்.

2024 மார்ச்சில் ஜெய்சல்மர் அருகே ஒரு தேஜஸ் விழுந்தது. பறக்கத் தொடங்கி இருபத்து மூன்று வருஷத்தில் அதற்கு நேர்ந்த முதல் விபத்து. விமானி பத்திரமாக இறங்கினார். ஆனால் 2025 நவம்பர் 21-ந் தேதி துபாய் விமானக் கண்காட்சியில் ஒரு தேஜஸ் விழுந்தபோது விமானி பிழைக்கவில்லை. ஆகவே 'சரியாகிவிட்டது' என்று யாரும் நோட்டை மூடிவிட முடியாது. ஆயாவின் கட்டம் எப்போதும் திறந்தேதான் இருக்க வேண்டும்.

* * *

அன்று திண்ணையில் பையன் விழித்துக்கொண்டு நின்றபோது ஆயா தன் கதையைச் சொன்னாள். அவள் புருஷன் போனது கட்டுமரத்தில். மகன் போவது இன்ஜின் வைத்த ஃபைபர் படகில். "அவரு காலத்துல பொழுது சாய்ஞ்சா கரையில போய் நின்னுக்குவோம். இப்ப இவன் கையில போன் இருக்கு, போட்டுல மிதவைச் சட்டை இருக்கு. போட்டு வேகமாப் போவுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அது இல்ல பெருசு. வேகமாத் திரும்பி வருதில்ல, அதான் பெருசு!"

நான் படித்த அத்தனையையும் விட இது சுருக்கமாக இருக்கிறது, இல்லையா?

கிளம்பும்போது பையன் மறுபடி நோட்டைக் காட்டினான். ஐந்து தலைமுறைகளுக்கும் கடைசியில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தான்: 'இறங்கும் வழி'. நாலு கட்டம் காலியாக இருந்தது. ஐந்தாவதில் ஓர் ஆசனம், அதன் மேல் குடை மாதிரி ஒரு பாராசூட்.

"விண்வெளியில் காற்றே கிடையாதே, பாராசூட் எப்படி விரியும்?" என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அடுத்த தடவை போவதற்குள் அவனே கண்டுபிடித்து மாற்றி வைத்திருப்பான். விமானங்கள் இப்படித்தானே வளர்ந்திருக்கின்றன?